மூழ்கியவர் பங்கு: எட்டயபுரம் முதல் இணையம் வரை

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் பெற்ற பங்கின் கணக்கைப் பாட்டெழுதுவோர் அறிந்திருத்தல் நலம். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், மூச்சடக்கி மூழ்கிச் சிப்பியெடுத்து வந்தவருக்குப் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கே கிடைத்தது. எஞ்சிய இரு பங்கும் அரசுக்குரியது. அச்சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் போயின. உள்ளே முத்திருந்தால் அது வாங்கியவரின் நற்பேறு. இக்கடலின் இறுதி முத்துக்குளிப்பு 1961-இல் நிகழ்ந்தது. ஆனால் அந்தக் கணக்கு முடிந்துவிடவில்லை. பாடல் கேட்போர் செவியை அடையும் வழி மாறும்போதெல்லாம் அது வேறு உருவில் எழுகின்றது. நம் வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், நம் மாவட்டத்து வரலாற்றைக் கொண்டே இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

வாய்வழி வந்த இசைக்கு அச்சு புதிய ஊர்தியாயிற்று. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர், "சங்கீத சம்பிரதாய பிரதர்சினி" என்னும் பெருநூலை எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவோடு 1904-இல் அவ்வூர் வித்யா விலாசினி அச்சகத்திலேயே வெளியிட்டார். இந்நூல் பாடல்களைச் சுரக்குறிப்போடு தந்தது. இயற்றியோர் இன்னார் என்பதையும், அவர்தம் வரலாற்றையும் உடன் தந்தது. பாட்டோடு பெயரும் பயணம் செய்ததே இந்நூலின் பெருஞ்சிறப்பு எனலாம்.

அதே எட்டயபுரம் ஈன்ற பாரதிக்குச் சமஸ்தான அச்சகம் வாய்க்கவில்லை. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய பாடல்கள் மூன்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். 1908-இல் "சுதேச கீதங்கள்" வெளிவந்தது. 1914-இல் "மாதா மணிவாசகம்" தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலே அச்சேறிற்று. பாட்டு கடல் கடந்தது. பாடியவன் வறுமையைக் கடக்கவில்லை. 1920-இல் தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாக, நூலுக்குப் பதினாயிரம் படிகள் வீதம் வெளியிடத் திட்டமிட்டு, நண்பர்களிடம் வட்டிக்குக் கடன் வேண்டிச் சுற்றறிக்கை விடுத்தார். கேட்போரிடமே முன்பணம் திரட்டித் தொகுப்பு வெளியிடும் இன்றைய இணைய இசைக்கலைஞரின் முறைக்கு இஃதொரு முன்னோடியன்றோ! அத்திட்டம் நிறைவேறவில்லை, மறு ஆண்டே அவர் மறைந்தார்.

அவர் மறைவுக்குப் பின் இசைத்தட்டும் வானொலியும் பேசும்படமும் வளர்ந்தன. பாரதி பாடல்களை இசைத்தட்டில் வழங்கும் உரிமை ஒரு வணிகரிடம் சென்று, பின்னர் ஏ.வி. மெய்யப்பனிடம் வந்தது. மக்கள் பாடிய பாட்டு தனியொருவர் உடைமையாயிற்று. எழுத்தாளர்களின் கோரிக்கையை அடுத்து 1949-இல் சென்னை மாகாண அரசு உரிமையைப் பெற்றது. பின்னர் அது மக்களுடைமையாயிற்று. எனினும், திறவாத சிப்பியாய் விலைபோன பாட்டின் முத்து, எழுதியவன் கைக்கு எட்டவே இல்லை.

இன்று ஊர்தி இணையம். பாடகர் தம் பாட்டை யூடியூபில் தாமே ஏற்றலாம். பேண்ட்கேம்ப் போன்ற தளத்தில் தாமே விலை குறித்து விற்கலாம். அத்தளம் எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு அளவே. 2019-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபை போன்றவற்றுக்கோ இடையே ஒரு வழங்குநர் நிறுவனம் வேண்டும். அவற்றுள் சில ஆண்டுக் கட்டணம் பெறும். கட்டணம் நின்றால் பாட்டையும் இறக்கிவிடும். சில வருவாயில் பங்கு கொள்ளும். எனவே ஒப்புமுன் கணக்கைப் படித்தறிதல் வேண்டும்.

பரப்புதற்கும் பெருநிறுவனம் இன்றியமையாததன்று. 2017-இல் எண்ணூர்க் கழிமுகத்தின் அழிவைப் பாடிய "புறம்போக்குப் பாடல்" யூடியூபில் வெளிவந்தது. கபேர் வாசுகி எழுத, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் இசையமைக்க, டி.எம். கிருஷ்ணா பாடினார். திரைப்படத்தின் துணையின்றியே அது நெடுந்தொலைவு சென்றது. ஒரு மண்ணின் பெயரையும் துயரையும் தாங்கி வந்தமையால், கேட்டவரே அதனைப் பிறருக்குக் கொண்டு சேர்த்தனர். எழுதியவர் பெயரும் அதனோடு சென்றது.

சட்டமும் இன்று ஓரளவு துணை நிற்கின்றது. பாடல் வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என மூன்றும் வெவ்வேறு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, திரைப்படத்துக்கோ ஒலிப்பதிவுக்கோ எழுதிய கவிஞர், தமக்குரிய உரிமைத்தொகைப் பங்கினை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறருக்கு விட்டுக்கொடுக்க இயலாது. உரிமை மாற்றம் எழுத்து வடிவில் இருத்தல் வேண்டும். காலம் குறிக்காவிடில் ஐந்தாண்டே செல்லும்; நிலப்பரப்பு குறிக்காவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். 1969-இல் தோன்றிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கம் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய தொகையைத் திரட்டித் தருகின்றது.

ஆனால் பெயர் பதியாத பாட்டுக்குச் சட்டம் இருந்தும் பயன் குறைவே. பதிவை ஏற்றும்போதே எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களை உரிய இடத்தில் நிரப்புதல் வேண்டும். ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தெண்களாலான ஐ.எஸ்.ஆர்.சி. என்னும் அடையாளக் குறியும் உண்டு. சுப்பராம தீட்சிதர் 1904-இல் தாளில் செய்த பணியை நாம் இணையத்தில் செய்யவேண்டியவர்களாயிருக்கிறோம்.

இக்கரையில் வலையிழுத்தோர் பாடிய அம்பாப் பாடல்களை ஆக்கியோர் பெயர் நமக்குத் தெரியாது. அவற்றைப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றும் நாம், பாடித் தந்த முதியவர் பெயரையும் ஊரையும் அவர் இசைவோடு சேர்த்தே ஏற்றுவோம். வரும் வருவாயிலும் அவருக்குப் பங்களிப்போம். நம் கவிஞர்களும் இசைவாணர்களும் மேடையேறுமுன்னரே தமக்குள் பங்கை எழுதிக் கையொப்பமிடும் வழக்கத்தை வரும் பத்தாண்டின் முதற்பணியாகக் கொள்வோமாக. மூழ்கியவர் பங்கு மூன்றில் ஒன்றென்று பிறர் வகுத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதனை நாமே எழுதிக்கொள்ள வழியுண்டு. எழுதாது விட்டால் பழி பிறருடையதாகாது.