யக்கா மலையும் அணுக் கழிவும்

அணுச்சக்தியின் வரலாறாக நாம் படிப்பதெல்லாம் உலைகளின் வரலாறே. உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருள் எங்கே போயிற்று என்று ஏட்டிலே காண்பதரிது. ஐக்கிய அமெரிக்காவின் சிப்பிங்போர்ட் அணுமின் நிலையம் இயங்கத் தொடங்கிய 1957ஆம் ஆண்டிலேயே, கழிவை நிலத்தடி உப்புப் படிவங்களிற் புதைக்கலாமென அந்நாட்டு விஞ்ஞானக் கழகம் கூறிவிட்டது. ஆயினும் மின்சாரம் விற்பதிலிருந்த வேகம் இதிலே இருக்கவில்லை. 1970இல் தெரிவான கான்சாஸ் மாநிலத்து உப்புச் சுரங்கமொன்று, அயலெங்கும் பழைய எண்ணெய்க் கிணற்றுத் துளைகள் இருந்தமையாற் கைவிடப்பட்டது.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. எரிபொருளுக்கு அந்நியரை நம்பாத நிலையே இலட்சியம் என்றார் ஜனாதிபதி நிக்சன்; அணு உலைகளுக்கு அதிலே முக்கிய இடம் கிடைத்தது. 1998 தொடக்கம் கழிவை அரசே பொறுப்பேற்குமென்றது 1982ஆம் ஆண்டுச் சட்டம். அதற்காக அணுமின்சாரத்தின் ஒவ்வோர் அலகுக்கும் சதத்திற் பத்திலொரு பங்கு அறவிடப்பட்டது.

ஈற்றில் எஞ்சிய இடங்கள் மூன்று: ரெக்சாஸ், வாஷிங்டன், நெவாடா. அப்போதைய பிரதிநிதிகள் சபைச் சபாநாயகர் ரெக்சாஸ்காரர். பெரும்பான்மைக் கட்சியின் சபைத் தலைவர் வாஷிங்டன் மாநிலத்தவர். 1987இல் நெவாடாவின் யக்கா மலையை மட்டுமே ஆராயுமாறு காங்கிரஸ் பணித்ததில் வியப்பென்ன! 1951 முதல் 1992 வரை அணுகுண்டுகள் வெடித்துச் சோதிக்கப்பட்ட மாநிலமும் அதுவே.

அம்மலை மேற்கு ஷோஷோன் மக்கள் தமதெனக் கொள்ளும் மண்ணில் நிற்கிறது. 1863இல் ரூபி பள்ளத்தாக்கில் அவர்கள் செய்த உடன்படிக்கை, வெள்ளையர் கடந்து செல்லவும் சுரங்கம் தோண்டவும் இடங்கொடுத்தது. நிலத்தை அவர்கள் கையளிக்கவில்லை. 1979இல் இழப்பீடாக 2 கோடி 60 இலட்சம் டொலர் விதிக்கப்பட்டபோது அதனைத் தொட மறுத்தனர். அரசோ பணத்தைத் தன் திறைசேரியிலேயே அவர்கள் பெயரில் இட்டது. அதுவே கொடுத்ததாகுமென 1985இல் அதியுயர் நீதிமன்றம் தீர்த்தது! வாங்குபவன் தன் ஒரு பையிலிருந்து மறு பைக்குக் காசை மாற்றிவிட்டு, 'நீ விற்றுவிட்டாய்' என்றால் நம்மூர்ச் சந்தையில் எவரேனும் ஒப்புவாரா?

2002இல் காங்கிரஸ் இடத்தை உறுதிசெய்தது. நெவாடா மாநிலம் விடாது எதிர்த்தது. 2010இல் ஒபாமா அரசு உரிம விண்ணப்பத்தை மீளப்பெற முயன்றது. அடுத்த ஆண்டு பணமும் நின்றது. ஏறத்தாழ 90,000 தொன் எரிபொருள் இன்னமும் மின் நிலையங்களின் அருகே, குளங்களிலும் கொங்கிறீற்றுக் கொள்கலன்களிலும் கிடக்கிறது. வாக்களித்தபடி அதனை எடுத்துச் செல்லாமைக்காக, மின்சாரக் கம்பனிகள் வழக்காடி அரசிடமிருந்து நட்டஈடு பெற்று வருகின்றன. அவற்றின் பணம் திறைசேரியிலே கிடக்கவில்லை. கைக்கே வந்து சேர்கிறது.