ஒரே நாள்ல கப்பல் மாறினவங்க

ஒரு கம்பெனி க்ரூஸ்ல காலைல இறங்கி, அன்னைக்கு சாயங்காலமே இன்னொரு கம்பெனி கப்பல்ல ஏறுறது இப்போ ஒரு பொழுதுபோக்கு. நூறு வருஷத்துக்கும் முன்னாடி, நாஞ்சில் நாட்டுல இருந்து லண்டன் கிளம்பினவருக்கு அதுவே ஒரு முக்கியமான வழி.

நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-லதான், கேட்டியளா? அதனால மாட்டு வண்டியில ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி திருநெல்வேலி. அங்க ரயில் ஏறி, மணியாச்சி வழியா தூத்துக்குடி. கரையோரம் ஆழம் போதாது. கப்பல் சில மைல் தள்ளி கடல்லயே நிக்கும், படகுல போய் ஏறணும். ராத்திரி கடந்தா கொழும்பு. நேரம் ஒத்துவந்தா அன்னைக்கே பி அண்ட் ஓ மாதிரி பெரிய கம்பெனி கப்பலுக்கு மாறிடலாம்.

1914-ல பாம்பன் பாலம் திறந்ததும் இன்னும் சுலபம். தனுஷ்கோடி வரை ரயில், தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில்.

ஆனா இந்த வேகம் காசு உள்ளவங்களுக்குத்தான். தென் திருவிதாங்கூர்ல இருந்தும் ஆட்கள் இலங்கைத் தோட்ட வேலைக்குப் போனாங்க. தோட்டத் தொழிலாளிகளை மண்டபம் முகாம்ல நாள்கணக்குல நிறுத்தி, அம்மை குத்தி, காலரா இல்லன்னு தெரிஞ்ச பிறகுதான் கப்பல் ஏத்தினாங்க. நம்ம மண்ணுல அந்த முகாமை நடத்தினது இலங்கை அரசாங்கம்!

1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி போச்சு. மண்டபம் முகாம் போகல. பின்னாடி போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களும் அங்கதான் தங்கவைக்கப்பட்டாங்க.