புத்தகத்தில் மட்டும் இருந்த 13 ஆண்டுகள்

‘கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்க’ என்று சோழர் காலக் கல்வெட்டுகள் பல சொல்கின்றன. கோயிலுக்கு விட்ட நிலத்தின் ஆவணம் சுவரில் ஒன்று, செப்பேட்டில் ஒன்று. 1988இல் பெர்க்லியைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் எழுதிய ரெய்டு கட்டுரையில் முதல் நிலையும் இதுதான்: ஒரே தகவலை இரண்டு வட்டுகளில் எழுதுவது. நாம் மிரர் என்கிறோம்.

திருவண்ணாமலையில் என் வீட்டிலும் ஒரு மிரர் இருந்தது. 1972இல் இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து தொல்லியல் துறை வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள் அதில் இருந்தன. சில கற்களுக்கு இப்போது ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். ஊராருக்கு அது வேடியப்பன். சாமிக்கு வர்ணம் பூசுகிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் எழுத்து என் படத்தில்தான் மிச்சம்.

தீபம் முடிந்த வாரம் ஒரு வட்டு செத்தது. புதியது வாங்கி மாட்டப் போனேன். நண்பர் போனிலேயே தடுத்தார். “சார், அவசரப்படாதீங்க. மொதல்ல மிச்சமிருக்கறதைப் படிக்க மட்டும் தொறந்து, வெளியில ஒரு காப்பி எடுங்க. ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினது, ஒரே வயசு. அப்புறம் புதுசை மாட்டுங்க. எதுலேர்ந்து எதுக்குப் போகுதுன்னு ரெண்டு தடவை பாருங்க. தெசை மாறினா காலி டிஸ்க்தான் நகலாகும்.”

காப்பி ஓடிய இரவெல்லாம் திருமழபாடி நினைவுதான். அங்கே கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் தன் 28ஆம் ஆட்சியாண்டில், 1013 வாக்கில், ஆணையிட்டான். பிரிக்கும் முன் கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவை மறுபடி கல்லில் ஏறியது ராஜேந்திரனின் 14ஆம் ஆண்டில், 1026 வாக்கில். இடையில் 13 ஆண்டுகள் சுவர் இல்லை, புத்தகம் மட்டும். கரையான், தீ, வெள்ளம் எது வந்திருந்தாலும் அந்த ஆவணங்கள் போயிருக்கும். கணினிக்காரர்கள் ‘டிகிரேடட்’ என்று சொல்லும் நிலை அது.

விடியற்காலையில் காப்பி முடிந்தது. ஒரே ஒரு படம் மட்டும் திறக்கவில்லை. மிச்சமிருந்த வட்டில் அந்தக் கோப்பு எப்போதோ கெட்டிருக்கிறது. என் கோப்பு முறைமை ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் வைத்திருக்கிறது. இரண்டு வட்டும் உயிரோடிருந்தபோது ‘ஸ்கிரப்’ ஓட்டியிருந்தால் எந்தப் பிரதி கெட்டது என்று அது கண்டுபிடித்து, நல்லதிலிருந்து சரிசெய்திருக்கும். நான் ஒருமுறைகூட ஓட்டவில்லை. இரண்டு பிரதி இருக்கிறதே என்ற தைரியம்.

கெட்டது பெயிண்ட் பூசிய ஒரு கல்லின் படம். இப்போது மாதம் ஒருமுறை ஸ்கிரப் ஓடுகிறது. மூன்றாவது பிரதி தம்பி வீட்டில் இருக்கிறது. அந்தக் கல் வர்ணத்துக்கு அடியில் இருக்கிறது.