ஹேண்ட்பிரேக் ரொம்ப மேலே வருதா? டிரம் பிரேக்கைக் கவனியுங்கள்

உங்கள் கார் சாகாவா, ஆக்சியாவா, மைவியா? இவற்றின் பல மாடல்களில் பின்சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான். டிரம் மூடியிருப்பதால், உள்ளே பிரேக் ஷூ தேய்ந்தாலும் வெளியே தெரியாது. அறிகுறிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

• ஹேண்ட்பிரேக்கை முன்பைவிட அதிகம் இழுத்தால்தான் பிடிக்கிறதா? ஷூ தேய்ந்திருக்கலாம், கேபிளும் தளர்ந்திருக்கலாம்.

• இரும்போடு இரும்பு உரசும் சத்தமா? தேய்ந்த ஷூ டிரம்மையே அறுக்கத் தொடங்கியிருக்கலாம்.

• ஒரு பின்சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாகிறதா? பிரேக் விடாமல் பிடித்திருக்கலாம். தொட்டுப் பார்க்காதீங்க, கை சுட்டுவிடும்!

• பின்சக்கரத்தின் உள்பக்கம் ஈரமாக இருந்து, பிரேக் எண்ணெயும் குறைகிறதா? வீல் சிலிண்டர் கசியலாம். அதற்குமேல் ஓட்டாதீங்க. இழுவை லாரியைக் கூப்பிடுங்க.

எப்படிச் சரிசெய்வது?

ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் இறுக்கினால் போதும்னு நினைக்காதீங்க. பிடிப்பு திரும்பிய மாதிரி இருக்கும். தேய்ந்த ஷூ அப்படியேதான் இருக்கும். பட்டறையில் டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முதலில் ஷூவின் இடைவெளி, பிறகுதான் கேபிள்.

ஷூவை இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். எண்ணெய் ஊறிய ஷூவைக் கழுவிப் போடக்கூடாது. டிரம் எவ்வளவு தேயலாம் என்ற அளவு பெரும்பாலும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டினால் புது டிரம்தான்.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவேண்டாம். பழைய ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

கெந்திங், கேமரன் மலைக்குக் கிளம்பும் முன்பே இதைப் பார்த்துவிடுங்கள். இறங்கும்போது குறைந்த கியரில் வாங்க. பிரேக்கை விடாமல் மிதித்தால் அது சூடாகி, பிடிப்பு குறைந்துவிடும்.