ஆல்ட்டேர் இரட்டைக் கோபுரம், கொழும்பு

ஆல்ட்டேர், கொழும்பின் கொம்பனித்தெருவில் பேரே வாவியை ஒட்டி எழுந்துள்ள உயர்தர அடுக்குமாடிக் குடியிருப்பு. உயரம் சுமார் 240 மீட்டர். வடிவமைத்தவர் மோஷே சாஃப்டி. 63 தளக் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. 68 தளக் கோபுரம் அதன்மேல் சாய்ந்திருக்கிறது. கோலாலம்பூரின் பெட்ரோனாஸ் கோபுரங்களும் (1998) மும்பை தார்தேவின் இம்பீரியல் குடியிருப்பும் ஒரே அச்சில் வார்த்த இரட்டைகள். ஆல்ட்டேரின் இரண்டும் உருவத்தில் ஒவ்வாதவை. ஆனால் ஒன்றின் துணையில்தான் மற்றது நிற்கிறது.

இச்சாய்வின் வேர் மொன்றியல் நகரில் இருக்கிறது. 1938இல் ஹைஃபாவில் பிறந்த சாஃப்டி, 1961இல் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வேட்டில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார்: அடுக்குமாடியில் வாழ்பவருக்கும் சொந்தத் தோட்டம் கிடைக்குமா? பிறகு கட்டடக் கலைஞர் லூயி கானிடம் பயின்றார். அக்கேள்விக்கு விடையாக 1967 உலகக் கண்காட்சியில் 'ஹாபிடாட் 67' எழுந்தது. முன்கூட்டியே வார்த்த 354 கான்கிரீட் பெட்டிகளைப் படிப்படியாக உள்வாங்கி அடுக்கி 158 வீடுகளை அமைத்தார். கீழ்வீட்டின் கூரை மேல்வீட்டுக்குத் தோட்டமாயிற்று. தமிழருக்கு இது புரியாத கருத்தன்று. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வடாம் காயவைத்து, கோடை இரவில் பாய் விரித்துப் படுத்த மொட்டை மாடிதான் அது. அடுக்ககம் வந்தபோது அந்த மாடி எல்லாருக்கும் பொதுவாகி, பின் தண்ணீர்த் தொட்டிக்கும் பூட்டுக்கும் போய்விட்டது. நகரவாசி இழந்தவற்றுள் இது பெரியது.

சிங்கப்பூரின் மரினா பே சாண்ட்ஸில் (2010) சாஃப்டி சாய்வைத் துணிந்து கையாண்டார். அங்கே மூன்று கோபுரங்களும் அடியில் இரு கால்களாகப் பிரிந்து, ஒரு கால் சாய்ந்து வந்து மேலே மற்றதோடு இணைகிறது. உச்சியில் 340 மீட்டர் நீளப் பூங்கா. அது விடுதி. கொழும்பில் அதே சாய்வு வீடுகளுக்குப் பயன்பட்டது. நேர்ச்சுவரில் மேல்தளம் கீழ்தளத்தின் வானத்தை மறைக்கும். சாய்வில் ஒவ்வொரு தளமும் சற்று விலகுவதால் படிக்கட்டுபோல் திறந்த மாடிகள் கிடைக்கின்றன. ஆகவே இச்சாய்வை அலங்காரம் எனக் கொள்வது தவறு.

இலங்கையின் வெப்பமண்டல உயர்கட்டடக் கலைக்கு முன்னோடி ஜெஃப்ரி பாவாவே. அவரது அரசு ஈட்டு வங்கிக் கட்டடம் 1970களிலேயே இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியது. அவரது சீமா மாலகை என்னும் பௌத்த ஆலயம் இதே பேரே வாவியில் மிதப்பதுபோல் அமைந்திருக்கிறது. அந்தத் தாழ்ந்த கூரைகளுக்குப் பக்கத்தில் 240 மீட்டர் பெரிய குரல்தான். தமிழரும் மலாயரும் சிங்களவரும் நெருங்கி வாழ்ந்த கொம்பனித்தெருவின் பழைய வரிசை வீடுகளுக்கு இது இன்னும் பெரிதாகவே தோன்றும்.

2013 வாக்கில் ஆல்ட்டேரின் பணி தொடங்கியது. இப்போது மக்கள் குடியிருக்கின்றனர். கீழே கடைகள் உள்ளன.