தொண்டாசிரியர் போன பிறகு: கூலிம் தோட்டப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

வெளிநாட்டுப் பள்ளிக்குத் தொண்டாசிரியராகச் செல்வது பற்றிய பேச்சு பெரும்பாலும் செல்பவரைச் சுற்றியே நிற்கிறது. அவர் எதை விட்டுவிட்டு வந்தார், என்ன கற்றுக்கொண்டார் என்பவை விரிவாக எழுதப்படுகின்றன. அவர் ஊர் திரும்பிய மறுநாள் அந்த வகுப்பு யார் கையில் இருந்தது என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்வியையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் ஆசிரியருக்குப் பின் அதே வகுப்பில் நிற்க உள்ளூர் ஆசிரியர் ஒருவரை உருவாக்கும் ஏற்பாடு எங்கே இருந்ததோ அங்கேதான் அவருடைய பணி பள்ளிக்குப் பயன்பட்டது என்பது என் வாதம். கெடா மாநிலத்துக் கூலிம் வட்டாரம் இதற்கு நல்ல சான்று. பாடாங் மேஹா, விக்டோரியா, ஹென்ரியட்டா, டப்ளின் என்று தோட்டப் பெயர்களையே இன்றும் சுமந்து நிற்கும் தமிழ்ப்பள்ளிகளின் மரபு, கடல் கடந்து வந்தவர்கள் பாடம் சொல்லித் தொடங்கிய மரபு.

தோட்டப் பள்ளி எப்படித் தோன்றியது என்பதில் பிற்காலச் சிக்கல்களின் வேர் இருக்கிறது. கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. கெடா அந்தக் கூட்டரசில் சேராத மாநிலம். ஆனாலும் ரப்பர்த் தோட்டங்களோடு அதே வகைப் பள்ளியும் இங்கே வந்து சேர்ந்தது. பள்ளி வைக்கச் சொன்ன சட்டம், அங்கே யார் கற்பிக்க வேண்டும் என்பதில் கண்டிப்புக் காட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ, தோட்டக் கணக்கரான கிராணியோ பல இடங்களில் வாத்தியாரானார். விடியுமுன் பெரட்டு என்ற வருகைக் கணக்கெடுப்பில் பெயர் கூப்பிட்டு, நண்பகலில் ரப்பர்ப் பால் நிறுத்துக் கணக்கெழுத வேண்டியவருக்கு இடையில் கிடைத்த நேரமே பள்ளி நேரம். ஒரே கொட்டகையில் எல்லா வகுப்புகளும் உட்கார்ந்திருக்கும். பெரிய வகுப்புப் பையன் ஒருவன் சின்னவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுப்பான். பால் வடியும் மங்கைத் துடைக்கத் தாயோடு மர நிரைக்குப் போன பிள்ளை பாதிப் பாடம் முடிந்த பிறகு வந்து சேரும். தமிழகத்திலிருந்து தனியே தருவிக்கப்பட்ட ஆசிரியர்களும் இருந்தார்கள். அவர்களில் தம் வாழ்நாளையே இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. ஆனால் அவர்களுடைய வேலை தோட்டத் துரையின் விருப்பத்தில் தொங்கியது. போருக்கு முந்திய மலாயாவில் தமிழாசிரியருக்கென முழுநேரப் பயிற்சிக் கல்லூரி இல்லை. ஒருவர் போனால் அவரோடு அவர் கற்பித்த முறையும் போயிற்று. அடுத்தவர் முதலிலிருந்து தொடங்கினார்.

இவர்கள் சம்பளம் வாங்கியவர்கள், இவர்களைத் தொண்டர்களோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். ஊதியத்தைப் பொறுத்தவரை ஒப்பிட முடியாதுதான். பள்ளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே நிலையில் இருக்கிறார்கள்: பயிற்சி இருக்கலாம் அல்லது இல்லாமலிருக்கலாம், வேறொருவர் அனுப்பி வந்தவர், எப்போது வேண்டுமானாலும் போய்விடக்கூடியவர். அந்த நிலையற்ற தன்மையே இங்கே நமக்கு ஆய்வுப் பொருள்.

1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் வெளியிலிருந்து வருவோரின் வழியை வெகுவாகக் குறுக்கியது. அடுத்து 1956இன் ரசாக் அறிக்கை தமிழ்த் தொடக்கப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. தமிழகத்தை எதிர்பார்த்திருந்த பள்ளிகள், இங்கேயே பிறந்து இங்கேயே பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று. 1957இல் நாடெங்கும் 888 ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530க்கும் குறைவு. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், மக்கள் பட்டணத்துக்கு நகர்ந்ததும், சிறு பள்ளிகள் இணைக்கப்பட்டதும் அதற்குக் காரணங்கள். எஞ்சிய பள்ளிகள் நிற்பதற்குப் பெற்றோரின் பிடிவாதத்தோடு, அரசுச் சம்பளமும் பயிற்சியும் பெற்ற உள்ளூர் ஆசிரியர் என்ற நிலையான பதவியும் காரணம். கதவு அடைபட்டதால் வந்த நெருக்கடியே அந்தப் பதவியின் தேவையை உணர்த்தியது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

தொண்டாசிரியர் என்ற சொல்லுக்கு நேராகப் பொருந்துவோர் இதற்குப் பின்னர்தான் வருகிறார்கள். வெளிநாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்பும் பிரிட்டனின் வி.எஸ்.ஓ. அமைப்பு 1958இல் அனுப்பிய முதல் இளைஞர்களில் சிலர் சரவாக்குக்கு வந்தார்கள். அமெரிக்க அதிபர் கென்னடி 1961இல் தொடங்கிய பீஸ் கோர் அமைப்பின் தொண்டர்கள் 1962 முதல் 1983 வரை மலாயாவிலும் பின்னர் மலேசியாவிலும் பணியாற்றினார்கள். மொத்தம் நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர். இவர்களில் பலர் இடைநிலைப்பள்ளிகளில் கணிதம், அறிவியல், ஆங்கிலம் கற்பித்தவர்கள். தமிழ்ப்பள்ளியை முடித்துப் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து இடைநிலைக்குப் போன தோட்டப் பிள்ளைக்கு, அறிவியல் பட்டதாரி ஆசிரியர் அரிதாக இருந்த காலம் அது. இரண்டு ஆண்டுப் பணிக்காலத்தில் ஓர் அயலார் என்ன செய்துவிட முடியும் என்ற ஐயம் நியாயமானதே. ஒரே ஆளாக வந்திருந்தால் அதிகம் செய்திருக்க முடியாது. இங்கே அவர்களுக்கான இடத்தை அரசு குறித்துக்கொடுத்தது; ஒருவர் போக அடுத்தவர் வந்தார்; அதே ஆண்டுகளில் உள்ளூரில் பட்டதாரி ஆசிரியர்கள் உருவாகிக்கொண்டிருந்தார்கள். கூலிமுக்கு அருகே பினாங்கில் 1969இல் ஒரு பல்கலைக்கழகமே எழுந்தது. பாடமொழி மலாயாக மாறிவந்த எழுபதுகளில் ஆங்கிலத்தில் மட்டும் கற்பிக்கக்கூடியவரின் தேவையும் சுருங்கிற்று. 1983இல் அத்திட்டம் முடிவுக்கு வந்ததைப் பலர் இழப்பாகப் பேசலாம். என் பார்வையில், வெளியார் விட்டுப்போகக்கூடிய அளவுக்குப் பள்ளிகள் தம் காலில் நின்றதற்கு அது அடையாளம்.

நீண்ட காலம் தங்குவதுதான் தீர்வா என்பது அடுத்த கேள்வி. ஃபிஜித் தமிழர்களின் வரலாறு இதற்கு விடை தருகிறது. ஒப்பந்தக் கூலியாகச் சென்ற சாது குப்புசாமி 1926இல் அங்கே தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கத்தை நிறுவினார். சங்கம் வேண்டிக்கொண்டதன் பேரில் இராமகிருஷ்ண மடத்திலிருந்து சுவாமி அவினாசானந்தரும், 1939இல் சுவாமி ருத்ரானந்தரும் வந்தார்கள். ருத்ரானந்தர் அங்கேயே நிலைத்துவிட்டார். அந்தப் பணி வேரூன்றியதற்கு அவர் தங்கிய ஆண்டுகளை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். அழைத்தது உள்ளூர்ச் சங்கம். கட்டடமும் பணமும் நிர்வாகமும் கரும்புத் தோட்டத்து மக்களுடையவை. வந்தவர் அவர்களுடைய திட்டத்துக்குள் வேலை செய்தார். தோட்டத் துரை அமர்த்திய வாத்தியாருக்கு இல்லாதிருந்த ஒன்று இது.

இந்த அளவுகோலை வைத்தால், சில வாரங்களுக்கு வந்து வகுப்பெடுத்துவிட்டுப் போகும் இன்றைய வழக்கத்தின்மீது கடுமையாகத்தான் தீர்ப்பு வரும். கூலிம் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளியில் இன்று பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறார். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் பதிவு பெறாதவர் ஆசிரியராகப் பணியாற்ற இடம் தரவில்லை. அங்கே வெளியார் வகுப்பைக் கையிலெடுத்தால், அந்த ஆசிரியரை அவருடைய மாணவர் முன்னால் பின்னுக்குத் தள்ளுவதாகும். புதிய முகம் பிள்ளைகளுக்கு உற்சாகம் தருமே என்பார்கள். தரும், அதை நான் மறுக்கவில்லை. நாடகம், அறிவியல் செய்முறை, கதை சொல்லல் போன்றவற்றில் தேர்ந்த ஒருவர் தமிழகத்திலிருந்தோ வேறெங்கிருந்தோ வந்து, ஆசிரியர்களோடு உட்கார்ந்து, அவர்கள் அடுத்த வாரம் தாமே செய்யும்படி பழக்கிவிட்டுப் போவது மெய்யான உதவி.

மிக வலுவான மறுப்பு அகதிப் பிள்ளைகளை முன்வைத்து வருவது. 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை. ரோஹிங்கியா பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை. வடமாநிலங்களில் அவர்களுக்கு இருப்பவை சமூகக் கற்றல் மையங்களே. அங்கே பதவியும் இல்லை, பயிற்சியும் இல்லை. தொண்டர் வராவிட்டால் வகுப்பே நடக்காது என்ற நிலை உண்டு. ஏற்பாடு வரும்வரை காத்திருங்கள் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது கொடுமை. எனவே அங்கே தொண்டர் போகத்தான் வேண்டும். ஆனால் அந்த மையங்களின் நிலையும் நூறாண்டுக்கு முந்திய தோட்டக் கொட்டகையின் நிலையும் வேறல்ல என்பதை அறிந்து போக வேண்டும். முதல் மாதத்திலேயே அந்தச் சமூகத்துப் பெண்ணோ இளைஞரோ ஒருவரை உடன் நிறுத்தி, பாடக்குறிப்பு எழுதவும் வருகைப் பதிவேடு வைக்கவும் எழுத்துக் கூட்டிச் சொல்லித்தரவும் பழக்க வேண்டும். எந்தப் பிள்ளை எதுவரை படித்திருக்கிறது என்பதை, அடுத்து வருபவர் படித்தறியும் வகையில் அவர்களுடைய மொழியிலேயே எழுதிவைக்க வேண்டும். திரட்டும் பணத்தில் முதல் பங்கு, தொண்டரின் விமானச் சீட்டுக்கு முன்னால், அந்த உள்ளூர் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குப் போக வேண்டும்.