பலாலியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?

யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், தேசப்படத்தில் அளவுகோலை வைப்பவர் ஒரு விடையையும் அப்பயணத்தை மேற்கொண்டவர் வேறொரு விடையையும் கூறுவர். பலாலிக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏ-9 வீதியால் செல்வதாயின் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய வான்படை அமைத்த பலாலி விமானத்தளம், போர் முடிந்ததும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 1947 டிசெம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டது. 'சீதாதேவி' என்ற பெயர் தாங்கிய அந்த டக்கோட்டா, காங்கேசன்துறை வழியாகவே சென்னையைச் சென்றடைந்தது. நாட்டின் தேசிய விமான சேவை தனது முதற் பயணத்திலேயே வடக்கில் தரித்துச் சென்றதை இன்று பலர் மறந்துவிட்டனர். மணிக்கு முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் பறக்கும் டக்கோட்டாவுக்கு, பலாலியிலிருந்து சென்னை செல்ல ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம் போதுமானது.

எழுபதுகளின் இறுதியில் எயார் சிலோன் மூடப்பட்டது. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற் சேவையும் நின்றது. 1990இல் ஏ-9 வீதி மூடப்பட்டதன் பின்னர், கொழும்பை அடைவதே பெரும்பாடாயிற்று. இரவில் கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடந்தவர்கள் உண்டு. பிற்பட்ட ஆண்டுகளில் கப்பலில் திருகோணமலைக்குச் சென்று, அங்கிருந்து பேருந்து ஏறியோரும் உண்டு. 1998 செப்ரெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் 55 பேருடன் மன்னாருக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது.

இத்தனைக்கும் பின்னர் கட்டுநாயக்காவை வந்தடைந்தவர் சென்னைக்கு விமானம் ஏறுவார். அது ஏறத்தாழ 645 கிலோமீற்றர். கட்டுநாயக்காவையும் மீனம்பாக்கத்தையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள், அக்கோடு யாழ். குடாநாட்டின் மேலாகவே செல்லும். நாட்கணக்கில் அலைந்து தெற்கே வந்தவர், தாம் விட்டுவந்த வீட்டுப்பக்கமாகவே மீண்டும் வடக்கு நோக்கிப் பறந்தார். நானும் அப்படிப் பறந்திருக்கிறேன். கீழே மேகந்தான் தெரிந்தது.

2019 ஒக்ரோபர் 17இல் பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அடுத்த மாதமே அலையன்ஸ் எயார் சென்னை சேவையை ஆரம்பித்தது. நான்கு மாதங்களில் கொரோனா அதனையும் நிறுத்திற்று. 2022 டிசெம்பர் 12இல் மீண்டும் தொடங்கிய சேவையுடன், 2024 செப்ரெம்பரில் இன்டிகோவும் சேர்ந்துகொண்டது. இரண்டு நிறுவனங்களும் ஈடுபடுத்தியவை ஏ.ரி.ஆர். ரகச் சிறு விமானங்கள். அவற்றின் வேகம் டக்கோட்டாவை விடக் கணிசமாக அதிகம். ஆயினும் புறப்பாடு, தரையிறக்கம் யாவும் சேர்த்து நேர அட்டவணை காட்டும் பயண நேரம் அதே ஒன்றேகால் மணித்தியாலத்தை ஒட்டியதுதான்.